பூச்ச, மார்ஜாலம், இற்புலி: எங்கள் குட்டிக்கு ஒரு பெயர் நிலைத்த விதம்

எங்கள் பூனைக்குட்டி வந்து முதல் தீபாவளி. தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி இரண்டரை மணி இருக்கும். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வேகவைத்த சாளை மீன் ஒரு கிண்ணம், நான் தெருவில் நிற்கிறேன். வெடிச் சத்தத்தில் மிரண்டு முந்தின நாள் சாயங்காலம் ஓடிய குட்டி இன்னும் திரும்பவில்லை. கூப்பிட வேண்டும். வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது, எதைச் சொல்லிக் கூப்பிடுவது? நான் வைத்த பெயர் ஒன்று, அத்தை சொல்வது ஒன்று, மகள் சொல்வது ஒன்று, எதிர்வீட்டு மாமா சொல்வது ஒன்று, என் கணவர் சொல்வது வெறும் "ஏய்". ஐந்து பெயர் இருந்தது, அதனால் ஒரு பெயரும் இல்லை.

பூனையைச் செல்லமாக அழைக்கும் சொற்களைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்ததே அந்த ராத்திரியில்தான். அதற்கு முன்னால் அது எனக்கு ஒரு விஷயமே இல்லை.

முதலில் குட்டி வந்த கதை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் எங்களுக்கு வாடகை வீடு. ஆடிக் கடைசியில் ஒரு காலையில், மாடிப்படிக்கு அடியில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி, நீலக் கண். என் மகளுக்கு அப்போது எட்டு வயது, பார்த்ததும் தூக்கப் போனாள். எதிர்வீட்டு மாமா வாசலில் நின்றபடியே, "தொடாதே குழந்தே, அம்மா தேடிண்டு வரும்" என்றார். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், இந்தக் கதையில் இனி அடிக்கடி வருவார்.

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா, ஏழு என்ற கணக்கை விட்டுவிடுங்கள், இடம் மாற்றுவது உண்மை. வாயில் ஒன்றாகத்தான் தூக்கிப் போக முடியும். ஆகவே நாம் பார்க்கும் நேரத்தில் தனியாகக் கிடக்கும் குட்டி அனாதையாக இருக்க வேண்டியதில்லை, தாய் முதல் குட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்ததற்கு வந்துகொண்டிருக்கலாம். நாம் பக்கத்தில் நின்றால் அது வரவே வராது. எனவே தூர நின்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். "குட்டி போட்ட பூனை மாதிரி அலையாதே" என்று என் அம்மா என்னைத் திட்டியதெல்லாம் அன்றைக்குத்தான் புரிந்தது, பாவம் அது அலைவது இந்த வேலைக்குத்தான். நாங்கள் காலையிலிருந்து இருட்டும் வரை பார்த்தோம். தாய் வரவில்லை. குட்டியின் காலருகே எறும்பு வர ஆரம்பித்ததும் நான் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

வளர்ப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பசும்பால் கொடுக்காதீர்கள். பூனை என்றாலே பால் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது, ஆனால் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல பூனைகளுக்குச் செரிக்காது, சின்னக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே நாளில் துவண்டுவிடும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது, அதுதான் சரி. கண் திறந்து, பல் முளைத்து, தள்ளாடாமல் நடந்தால் நான்கு வாரம் தாண்டியிருக்கும், கோழிக்கறியை உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். அதைவிடச் சின்னதென்றால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்கத் தெரியாது, வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட வேண்டும், தாய் நாக்கால் செய்வது அதைத்தான். எங்களுடையதற்கு ஐந்து வாரம் இருக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார்.

அப்புறம் பெயர்கள்.

நான் கூப்பிட்டது "குட்டி". அது பொருத்தமான சொல்தான், அதுவும் தொல்காப்பியமே சான்றிதழ் கொடுத்த சொல் என்று மாமா சொன்னார். எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்று அதன் மரபியல் என்ற பகுதியில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது. அதில் "மூங்கா வெருகு எலி மூவரி அணிலொடு ஆங்கவை நான்கும் குட்டிக்கு உரிய" என்று ஒரு சூத்திரம். வெருகு என்றால் காட்டுப்பூனை. இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கத்தை நான் என்னை அறியாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. என் மகளையும் நான் "குட்டி" என்றுதான் கூப்பிடுவேன். "குட்டி, சாப்பிட வா" என்றால் இருவரும் வருவார்கள், "குட்டி, ஹோம்வொர்க் எழுதினாயா" என்றாலும் பூனை தலையைத் தூக்கிப் பார்க்கும், தட்டு வராது, மறுபடி படுத்துக்கொள்ளும். இப்படி நாளைக்கு நாற்பது தடவை ஒரு பயனும் இல்லாமல் காதில் விழும் சொல்லை அது கொஞ்ச நாளில் கேட்காமல் விடப் பழகிவிட்டது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குட்டி, கண்ணு, தங்கம், பட்டு, அம்மு இவையெல்லாம் ஏற்கெனவே ஆள் எடுத்துக்கொண்ட பெயர்கள். கொஞ்சும்போது சொல்லிக்கொள்ளலாம், கூப்பிடுவதற்கு உதவாது.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது "பூச்ச". அவர் மார்த்தாண்டத்துக்காரர், மலையாள எல்லை. "பூச்ச எங்க மக்களே? பூச்சைக்குச் சோறு வெச்சியா?" என்பார். நான் முதலில் அது மலையாளச் சொல் என்றுதான் நினைத்தேன். மாமா, "மலையாளமும் சரி, பழந்தமிழும் சரி, பூசை என்றால் பூனைதான்" என்று சொல்லி, கம்பரின் அவையடக்கப் பாட்டை எடுத்துக் காட்டினார். "ஓசை பெற்று உயர் பாற்கடல் உற்று ஒரு பூசை முற்றவும் நக்குபு புக்கென" என்று வருகிறது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று ஒரு பூனை இறங்கியது போல நான் ராமன் கதையைச் சொல்ல வந்துவிட்டேன் என்கிறார் கம்பர். அவ்வளவு பெரிய காவியத்தின் வாசலில் தன்னை ஒரு பூனையாக வைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் அத்தை சொல்கிற அதே சொல்லை வைத்து. பூசை, பூஞை, பூனை மூன்றும் அகராதியில் ஒரே பொருளில் இருக்கின்றன. இன்று எழுத்துத் தமிழில் பூனை மட்டும் நின்றது, பூசை என்றால் நமக்குச் சாமி பூஜைதான் நினைவுக்கு வருகிறது. சிங்களத்தில்கூடப் பூனைக்கு பூசா என்று ஒரு பெயர் உண்டு. அத்தையிடம் கம்பர் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "பின்ன, பூச்சைய பூச்சன்னு சொல்லாம?" என்றார்.

மகளுக்கு அது "மியாவ்". சத்தத்தையே பெயராக வைப்பது குழந்தைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பழைய எகிப்தில் பூனைக்கு மியூ என்றுதான் பெயர், சீனத்தில் மாவ். ஆனால் கூப்பிடுவதற்கு அது சரிப்படவில்லை, அவள் சொல்லும் மியாவுக்கும் தெருப் பூனைகள் போடும் மியாவுக்கும் நடுவே எங்கள் குட்டி குழம்பியதோ என்னவோ, அவள் மியாவ் என்றால் அலமாரிக்கு அடியில் போய்ப் பதுங்கும்.

மாமா சொல்வது "மார்ஜாலம்". அவர் வீட்டில் அது சாதாரண வார்த்தை. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு மார்ஜால நியாயம் கேள்விப்படாமல் இருக்க முடியாது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது, பூனைக்குட்டி எதையும் பிடிப்பதில்லை, தாய்தான் அதைக் கவ்வித் தூக்கிப் போகிறது. இறைவன் காப்பதும் அப்படித்தான், நாம் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது வைணவத்தில் தென்கலை வழி, குரங்குக்குட்டி போல நம் பங்குக்குப் பற்றிக்கொள்ளவும் வேண்டும் என்பது வடகலை வழி, மர்க்கட நியாயம். ஒரு சமயத்தின் பெரிய வாதம் முழுவதும் ஒரு பூனைக்குட்டியின் பிடரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மார்ஜாலம் என்றாலும் மார்ஜாரம் என்றாலும் பூனைதான், அந்த வடசொல்லுக்கு அடிப்படை துடைப்பது, சுத்தம் செய்வது. நாள் முழுக்கத் தன்னை நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

பிடரி என்றதும் ஒன்று. தாய் கவ்வும்போது குட்டி கை கால்களைத் தளரவிட்டுத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, நாமும் அப்படித் தூக்கலாம் என்று பலர் வளர்ந்த பூனையையும் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குகிறார்கள். வேண்டாம். குட்டியின் எடை வேறு, நான்கு கிலோ பூனையின் எடை வேறு, அதற்கு வலிக்கும், பயப்படும். ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் கீழ், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி, இப்படித்தான் எடுக்க வேண்டும்.

வந்த மூன்றாம் நாள் குட்டி என் மகளின் விரலைக் கடித்துவிட்டது. விளையாட்டுக் கடிதான், ஆனால் ஊசி குத்தியது போல இரண்டு துளி ரத்தம். எங்கிருந்தோ வந்த குட்டி, தடுப்பூசி போடாதது, ஆகவே நான் யோசிக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன், அவள் அழுதாள், நான் விடவில்லை, அப்படியே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள். நாய்க்கடிக்குத்தான் ஊசி, பூனைக்கு எதற்கு என்று பக்கத்தில் நின்றவர்களே கேட்டார்கள். பூனைக்கும் ரேபிஸ் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். இதில் மட்டும் சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்.

அன்று சாயங்காலம் அவளைப் பார்க்க மாமா வந்தார். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு, "முள் எயிறு" என்றார். எயிறு என்றால் பல். புறநானூற்றில் 117ஆம் பாட்டு, கபிலர் பாடியது. பாரியின் நாட்டைச் சொல்லும்போது, "பிள்ளை வெருகின் முள் எயிறு புரையப் பாசிலை முல்லை முகைக்கும்" என்கிறார். குட்டிக் காட்டுப்பூனையின் முள் போன்ற பற்களைப் போல முல்லை மொட்டு விடுகிற நாடு. முல்லை மொட்டைப் பறித்துப் பார்த்தவர்களுக்கும், பூனைக்குட்டியின் பால்பல்லைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கும் இது ஒரே உருவம் என்று தெரியும். அதே நீளம், அதே மெல்லிய வளைவு, அதே வெள்ளை. குறுந்தொகையில் 220ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் இன்னும் ஒரு படி போய், முல்லை மொட்டு அவிழ்வதை "வெருகு சிரித்தன்ன" என்கிறார். பூனை சிரித்ததைப் போல! எனக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது. மதில்மேல் பூனை, திருட்டுப் பூனை, பூனை தவம் என்று பூனையை மட்டம் தட்டும் பேச்சையே கேட்டு வளர்ந்த எனக்கு, பூவின் அழகைச் சொல்வதற்கு ஒரு பெண் புலவர் காட்டுப்பூனையின் சிரிப்பைத் தேடிப் போயிருக்கிறார் என்பது புதிய செய்தி. அந்த வெருகு என்ற சொல் எங்கும் போய்விடவில்லை, மலையாளத்தில் வெருகு என்றால் புனுகுப்பூனை, கன்னடத்தில் பூனைக்குப் பெக்கு, பழைய கன்னடத்தில் பெர்க்கு, எல்லாம் அதன் உறவுதான்.

இப்படிச் சொற்களாகச் சேர்ந்துகொண்டே போனது, குட்டியும் வளர்ந்தது. ஆனால் ஒருவர் கூப்பிட்டும் அது திரும்பிப் பார்த்ததில்லை. தட்டுச் சத்தத்துக்கு வரும். எங்களுக்கு அது போதும் என்று இருந்தோம்.

தீபாவளி ராத்திரிக்கு வருகிறேன். தெருவில் சரவெடி போட்டார்கள், யாரோ கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். முதல் நாள் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. ஐந்து பேரும் ஐந்து பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு, அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் போய்த் தேடினோம். பயந்த பூனை அவ்வளவு தூரம் போகாது. பெரும்பாலும் இரண்டு மூன்று வீட்டுக்குள், இருட்டான இண்டில், மூச்சுக்கூடக் கேட்காமல் பதுங்கியிருக்கும், நாம் கூப்பிடுவது காதில் விழுந்தாலும் குரல் கொடுக்காது. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் அழுகை மிச்சமாகியிருக்கும். தேட வேண்டிய நேரம் ஊர் அடங்கிய பிறகு. டார்ச்சைத் தரையோடு தாழ்த்தி அடிக்க வேண்டும், ஒளி பட்டால் கண் மின்னும். சாப்பாட்டு வாசனை இருக்க வேண்டும். நின்றுகொண்டு கத்தக்கூடாது, உட்கார்ந்து மெதுவாகக் கூப்பிட வேண்டும்.

ஆனால் எதைச் சொல்லி? குட்டி என்றேன், பூச்ச என்றேன், கடைசியில் எதுவும் தோன்றாமல் நாக்கைப் பல்லோடு ஒட்டி "ப்ஸ் ப்ஸ் ப்ஸ்" என்றேன். நான்காவது வீட்டு மோட்டார் அறைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பச்சைக் கண்.

அந்த "ப்ஸ் ப்ஸ்" ஏன் வேலை செய்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நமக்குக் கேட்பது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை, பூனைக்கு 60 ஆயிரத்துக்கு மேலும் கேட்கும். எலிகள் தங்களுக்குள் எழுப்பும் ஒலிகளில் பல நம் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலில் இருப்பவை, அதைப் பிடிக்கத்தான் அந்தக் காது. ஸகர ஒலியில் அப்படிப்பட்ட மேல் ஸ்தாயி நிறைய இருக்கிறது. எங்கள் பாட்டிமார்கள் "பூஸ் பூஸ்" என்று கூப்பிட்டதும், எங்கெங்கோ இருப்பவர்கள் பூனையைக் கூப்பிட ப, ஸ ஒலிகளையே பிடித்ததும் தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஒரே பெயர் வைத்தாக வேண்டும். மறுநாள் எல்லோரும் உட்கார்ந்தோம். மகள் வெருகு என்று வைக்கலாம் என்றாள், கேட்க நன்றாக இருந்தாலும் கடைசியில் வரும் அந்த உகரம் வாய்க்குள்ளேயே அமுங்கிப் போகிறது, தூரத்துக்குப் போகாது. பூசை என்றால் காலையில் சாமி அறையில் பத்துத் தடவை சொல்வோம். மாமா பழைய அகராதியான தன் நிகண்டைப் புரட்டி, பிங்கல நிகண்டில் இருக்கிறது என்று ஒரு சொல்லைக் காட்டினார்: இற்புலி. இல் என்றால் வீடு. வீட்டுப் புலி. உடம்பு முழுக்க வரி, நடையும் அப்படித்தான், மகள் கையைத் தட்டிவிட்டாள். கூப்பிடுவதற்கு "புலி". இரண்டே எழுத்து, முடிவில் இகரம், குரலை ஏற்றி நீட்டிச் சொல்ல வசதி. அப்படியானால் இது குட்டி இல்லை, குருளை என்று மாமா திருத்தினார், நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை என்றுதான் தொல்காப்பியர் சொல்கிறார் என்று. அதை மட்டும் வீட்டில் யாரும் ஏற்கவில்லை.

பெயரைப் பழக்கியது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதல் வாரம் சாப்பாட்டுக்கு மட்டும். தட்டை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை "புலி" என்று சொல்வேன், இரண்டு விநாடி விட்டு, அப்புறம்தான் தட்டுச் சத்தம். இந்த வரிசை முக்கியம், தட்டுச் சத்தம் முதலில் வந்தால் பெயர் அதற்குத் தேவையே இல்லாத சத்தம் ஆகிவிடும். திரும்பத் திரும்பச் சொல்லவும் கூடாது, "புலி புலி புலி புலி" என்றால் அது நம் பேச்சோடு பேச்சாகப் போய்விடும். இரண்டாம் வாரம் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டேன், வந்தால் ஒரு துண்டு கோழி. மூன்றாம் வாரம் மாடியிலிருந்து. வீட்டில் எல்லோரும் இதே சொல், இதே மாதிரி. நான்கு மாதக் குட்டிக்கு இதற்கு மூன்று வாரம் ஆனது, வளர்ந்த பூனைக்கும் முடியும், கொஞ்சம் கூட நாள் ஆகும். அத்தை மட்டும் பூச்சையை விடவில்லை. அவரிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பூனைக்கு நிஜமாகவே பெயர் தெரியுமா, சாப்பாட்டுக்கு வருகிறதா என்று என் கணவர் சந்தேகப்பட்டார். ஜப்பானில் சோபியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். பூனையின் பெயருக்கு உள்ள அதே நீளமும் தொனியும் உள்ள வேறு நான்கு சொற்களை வரிசையாகக் கேட்க வைத்தார்கள், பூனை கேட்டுக் கேட்டு அலட்சியமானது, ஐந்தாவதாக அதன் பெயர் வந்ததும் பல பூனைகளுக்குக் காது திரும்பியது, தலை அசைந்தது. முன்பின் தெரியாதவர் குரலில் சொன்னாலும்கூட. ஆக, எழுந்து வரவில்லை என்பதற்காகத் தெரியவில்லை என்று எண்ணக்கூடாது, காதைப் பார்க்க வேண்டும். நான் அன்றிலிருந்து காதைத்தான் பார்க்கிறேன்.

நடுவில் ஒரு பெரிய சறுக்கல். தடுப்பூசிக்குக் கொண்டுபோகிற நாள், கூடையைத் திறந்து வைத்துவிட்டு மகள் "புலி" என்று கூப்பிட்டாள், அது ஓடி வந்தது, பிடித்து உள்ளே போட்டு மூடிவிட்டோம். வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான்கு நாள் அந்தப் பெயருக்கு அது அசையவே இல்லை. மூன்று வார உழைப்பு. நாங்கள் மறுபடி முதலிலிருந்து, கோழித் துண்டிலிருந்து தொடங்கினோம். அதிலிருந்து வீட்டில் ஒரு கண்டிப்பு: ஊசி, மருந்து, குளியல், கூடை எதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, நாம்தான் போய் எடுக்க வேண்டும். திட்டுவதற்கும் பெயர் கூடாது. மேஜையில் ஏறினால் "ச்சூ" மட்டும். கூடையையும் இப்போது கூடத்திலேயே எப்போதும் திறந்து போட்டிருக்கிறேன், அதில் அதன் பழைய துண்டு கிடக்கும், அதிலேயே தூங்குகிறது.

இன்னொன்று நாங்கள் எதிர்பார்க்காதது. சமையலறையில் "அந்தப் புளியை எடு" என்றால் புலி வந்து நிற்கிறது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் நாங்கள் காட்டும் வித்தியாசம் அவ்வளவுதான் என்று மாமா வருத்தப்பட்டார். ரசம் வைக்கிற நாளெல்லாம் அதற்கு ஒரு துண்டு ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறது, கொடுக்காவிட்டால் பெயர் வலுவிழந்துவிடும் என்ற பயம் எனக்கு. பெயர் தேடுகிறவர்கள் சமையலறைச் சொற்களோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

மூலிகையிலும் பூனைக்குப் பெயர் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் மார்ஜால மோகினி என்றும் பெயர். வீட்டுப் பின்பக்கம் மண்டிக் கிடந்த குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டபோது புலி வந்து அந்த வேரில் முகத்தைத் தேய்த்து, உருண்டு, எச்சில் வடித்து, ஒரு கால் மணி நேரம் வேறு உலகத்தில் இருந்தது. பெயர் வைத்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நான் வேரை மோந்து பார்க்க மட்டும் விடுவேன், தின்ன விடுவதில்லை, மருந்துச் செடி இல்லையா.

பழமொழிகளில் எனக்கு ஒன்றோடு மட்டும் சண்டை. "பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா" என்பது. அது ஏமாற்றுவதற்காகக் கண்ணை மூடுகிறது என்ற நினைப்பு அதில் இருக்கிறது. பூனை நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். நாமும் அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பதிலுக்குக் கண் சிமிட்டும், நம் பக்கம் நெருங்கி வரவும் செய்யும், இங்கிலாந்தில் 2020இல் இதை ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாத கூப்பாடு இது. காணாமல் போய்க் கிடைத்த அந்த ராத்திரி, மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து நான் அழுததில் கண்ணை மூடி மூடித் திறந்தேன், அது வெளியே வந்தது அதனாலும் இருக்கலாம்.

ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டோம். அப்போதுதான் அது பெண் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார், நாங்கள் புலி என்ற பெயரை மாற்றவில்லை. இரண்டாவது தீபாவளிக்கு உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, மதியமே உள்ளே விட்டுப் பூட்டிவிட்டோம்.

அத்தை இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கிறார், முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று போன வைகாசியில் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். நேற்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். புலி கூடைக்குள் சுருண்டு தூக்கம். அவர் அரிசி விலை, மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசினார், அது அசையவில்லை. "பூச்ச சுகமா இருக்கா மக்களே?" என்றார். கண் திறக்கவில்லை. இடது காது மட்டும் போன் பக்கம் திரும்பியது.